விசைப்பலகையும் விரைவும்



தச்சர் ஒருவர் உளி வேண்டும்பொழுதெல்லாம் அடுத்த அறைக்குச் சென்று எடுத்து வருவாராயின், அவரைப்பற்றி நாம் என்ன நினைப்போம்? கைத்திறம் எத்துணைச் சிறந்ததாயினும் அவருடைய வேலை மாலைக்குள் முடியாது. கணிப்பொறியின்முன் அமர்ந்து கட்டுரை எழுதுவோர் பலர் ஏறத்தாழ இதனையே செய்கின்றனர். இரு கைகளும் விசைப்பலகையின்மீது இருக்கின்றன. ஒரு வரியை நகலெடுக்க வேண்டும். உடனே வலக்கை மவுஸைத் தேடிச் செல்கிறது, அம்புக்குறியைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோகிறது, பட்டியலைத் திறக்கிறது, கட்டளையைத் தேர்கிறது, பின்னர்த் திரும்பி வருகிறது. இந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்கென்று அமைந்தவையே குறுக்குவழி விசைகள்.

இதனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 1980-ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் இதற்கொரு கணக்கு முறையை வெளியிட்டனர். தேர்ந்த தட்டச்சாளர் ஒரு விசையைத் தட்ட 0.2 விநாடி, கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குச் செல்ல 0.4 விநாடி, அம்புக்குறியை ஓர் இடத்தில் கொண்டு நிறுத்த 1.1 விநாடி என்பன அவர்கள் தந்த அளவுகள். பட்டியல் வழியே சென்றால் போக வர 0.8, இரு முறை குறிவைக்க 2.2, இரு முறை அழுத்த 0.4 ஆக 3.4 விநாடி ஆகிறது. இரண்டு விசைகளைத் தட்டினாலோ 0.4 விநாடியே. வேறுபாடு 3 விநாடி. நாளொன்றுக்கு 200 முறை எனின் 600 விநாடி, அதாவது 10 நிமிடம்! ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. மனம் தயங்கி எண்ணுவதற்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் 1.35 விநாடி. 'எந்த விசை?' என்று இரண்டு மூன்று முறை தயங்கி நின்றால் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும். ஆகவே விசையை ஏட்டில் எழுதி வைத்தல் போதாது; விரலில் எழுதி வைத்தல் வேண்டும்.

வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்றும் இன்றுள்ள வடிவம் பெற்றது அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்திலாகும். 1970களின் நடுவில் லாரி டெஸ்லர் என்னும் அறிஞர், டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ஜிப்சி என்னும் எழுத்துத் திருத்தியை அமைத்தபொழுது இம்முறையைக் கையாண்டார். டெஸ்லர் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983-இல் அந்நிறுவனம் வெளியிட்ட லிசா என்னும் கணிப்பொறியில் இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கு விசைகளும் இப்பணிகளுக்கு அமர்த்தப்பெற்றன. விசைப்பலகையை நோக்குங்கள், நான்கும் கீழ்வரிசையின் இடக்கோடியில் அடுத்தடுத்து இருக்கின்றன. இடக்கை ஒன்றே போதும்.

விரைவு மட்டுந்தானா பயன் என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஓய்வு பெற்றபின் நான் பணியாற்றிய பள்ளியின் வரலாற்றைத் தொகுத்தேன். நாற்பதாண்டுக் காலம் அங்கு மணியடித்த முதியவர் ஒருவர் தம் நினைவுகளைச் சொல்லச் சொல்ல, நானே தட்டச்சிட்டேன். ஒரு மாலை அதில் ஒரு பக்கத்தை வேறிடத்திற்கு மாற்ற எண்ணி வெட்டினேன். ஒட்டுமுன் கண்ணிற்பட்ட ஒரு தேதியை நகலெடுத்தேன். பிறகு கோப்பைச் சேமித்து மூடிவிட்டேன். மறுநாள் அப்பக்கம் எங்குமில்லை. முதியவரிடம் மீண்டும் சென்றேன். அவரும் முகங்கோணாமல் மீண்டும் சொன்னார். ஆனால் முதன்முறை சொன்ன சொற்கள் திரும்ப வரவில்லை.

நேர்ந்தது யாது? வெட்டிய பொருள் தங்கும் தற்காலிக இடத்தில் பொதுவாக ஒன்றே தங்கும். புதியது வந்தால் பழையது அகலும். இன்றைய விண்டோஸில் பலவற்றைத் தேக்கிவைக்கும் வசதி உண்டெனினும் அதனை நாமே முன்கூட்டி இயக்கி வைத்தல் வேண்டும். அம்மாலையில் கோப்பை மூடுமுன் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையைத் தட்டியிருந்தால், செய்த பிழை நீங்கிப் பக்கம் மீண்டிருக்கும். பல செயலிகளில் கோப்பை மூடியவுடன் அவ்வாய்ப்பும் மறைந்துவிடுகிறது. ஆதலால் வெட்டியதை உடனே ஒட்டுக. பிழை கண்டால் வேறெதுவும் செய்யுமுன் இசட் விசையை நாடுக.

விண்டோஸ் கணிப்பொறியில் தொடக்கத்திற்கு இவை போதும்: கண்ட்ரோலுடன் எஸ் சேமிக்கும், சி நகலெடுக்கும், எக்ஸ் வெட்டும், வி ஒட்டும், இசட் செய்ததை மீட்கும், எஃப் சொல்லைத் தேடித் தரும், ஏ அனைத்தையும் தேர்ந்தெடுக்கும். ஆல்ட் விசையுடன் டேப் விசை ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றிற்கு இட்டுச்செல்லும். ஆப்பிள் மாக் கணிப்பொறியிலோ முதல் ஏழிற்கும் கண்ட்ரோலுக்கு மாற்றாகக் கமாண்டு விசையை அழுத்துவர்; ஒரு செயலியிலிருந்து மற்றொரு செயலிக்கு மாறவும் கமாண்டுடன் டேப் விசையே பயன்படும். ஏ விசையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அனைத்தையும் தேர்ந்த நிலையில் ஓர் எழுத்தைத் தட்டினால் கட்டுரை முழுவதும் மறைந்து அவ்வோர் எழுத்தே எஞ்சும். அஞ்சற்க, அங்கும் இசட் விசையே துணை.

எட்டையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள். வாரத்திற்கு இரண்டு போதும். அவ்விரண்டிற்கும் அவ்வாரம் மவுஸைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். முதல் நாள் மெதுவாகத்தான் இருக்கும். மிதிவண்டி பழகிய முதல் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் அறிய ஆசிரியர் எவரும் வேண்டா. பல செயலிகளின் பட்டியலில் கட்டளைக்கு நேரே அதற்குரிய விசை எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

இறுதியாக ஒன்று. கண்பார்வையற்றோர் திரையில் அம்புக்குறியைக் காண இயலாது. திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையுடன் அவர்கள் விசைகளைக் கொண்டே கணிப்பொறியை இயக்குகின்றனர், கல்வி கற்கின்றனர், அலுவலகங்களில் பணியாற்றுகின்றனர். நமக்கு வசதியாக இருப்பது அவர்களுக்கு வாயிலாகவே இருக்கிறது. அவ்வாயில் நமக்கும் திறந்தே இருக்கிறது. இன்று எழுதப்போகும் கட்டுரையில் முதற்பத்தி முடிந்தவுடன் கண்ட்ரோலையும் எஸ் விசையையும் தட்டிப் பழகத் தொடங்குங்கள். நான் இழந்த பக்கத்தைப்போல் நீங்கள் ஒன்றை இழக்க வேண்டா.