இரு நாட்டு பாலம்... சுங்கம் வாங்குறது ஒரு குடும்பம்!

அமெரிக்காவின் டெட்ராய்ட், கனடாவின் வின்ட்சர் நகரங்களுக்கு நடுவே ஓடுது டெட்ராய்ட் ஆறு. அதன்மேல் 1929-ல் திறக்கப்பட்டது அம்பாசடர் பாலம். கடக்கணும்னா சுங்கம் கட்டணும். ஆனா வாங்குறது அரசாங்கம் இல்லை! 1979-ல் லாரி தொழிலதிபர் மேட்டி மொரூன் இந்தப் பாலத்தை வாங்கினார். வசூல் அவர் குடும்ப கம்பெனிக்குத்தான்.

பாலத்தையொட்டிய சாலைப் பணியில் கோர்ட் உத்தரவை மதிக்கலைன்னு 2012-ல் மொரூனை ஒருநாள் ஜெயிலில் போட்டாங்க. அப்போ அவருக்கு வயசு 84!

2022 பிப்ரவரியில் தடுப்பூசி கட்டாயத்தை எதிர்த்து போராட்டக்காரர்கள் லாரிகளை குறுக்கே நிறுத்தி மறியல் செய்தார்கள். சுமார் ஒரு வாரம் பாலம் முடங்கியது. உதிரிபாகம் வராமல் கார் தொழிற்சாலைகளில் ஷிப்டுகள் ரத்து. அடி விழுந்தது தொழிலாளி சம்பளத்தில்!

கொஞ்ச தூரத்தில் கனடா செலவில் இன்னொரு பாலத்துக்கு 2018-ல் வேலை ஆரம்பமானது. கோர்ட் படி ஏறி இறங்கியும் மொரூன் தரப்பால் அதை தடுக்க முடியலை.