900 வெள்ளிக்கு ஒரு மடக்குக் கத்தி: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

மடக்குக் கத்தி நம்மவர்களுக்குப் புதிதல்ல. உர மூட்டையைப் பிரிக்க, கயிறு அறுக்க, தண்ணீர்க் குழாயை வெட்ட, மத்தியானத்தில் ஒரு மாம்பழத்தை நறுக்க என்று தோட்டத்தில் வேலை செய்பவரின் காற்சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தி கிடப்பது வழக்கம். பட்டணத்தில் லாரி ஓட்டுபவருக்கும், மின்கம்பி வேலை செய்பவருக்கும், கிடங்கில் பெட்டி பிரிப்பவருக்கும் அது வேண்டியிருக்கிறது. பாசார் மாலாமில் மலிவாக ஒன்று வாங்குவோம். மழுங்கினால் தீட்டுவோம், தொலைந்தால் இன்னொன்று வாங்குவோம். அதோடு சரி.

இப்போது கைப்பேசியில் காணொளி பார்க்கும் இளைஞர்கள் வேறு பெயர்களைச் சொல்கிறார்கள். பெஞ்ச்மேட், ஸ்பைடர்கோ, கிறிஸ் ரீவ் என்று அமெரிக்கத் தயாரிப்புகள். இவற்றில் பெயர் பெற்ற கத்திகள் நம் பணத்துக்கு 800, 900 வெள்ளி ஆகின்றன. கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் 'செபென்சா' 2,000 வெள்ளி அளவுக்குப் போகிறது. தவணையிலும் கிடைப்பதால், யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிடுவது சுலபம்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால், நாளுக்கு 65 வெள்ளி 38 சென். அந்தக் கணக்கில் 900 வெள்ளிக் கத்தி என்பது ஏறக்குறைய 14 நாள் உழைப்பு. அதனால் ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது என்று பார்ப்போம்.

விலை எங்கே போகிறது?

முதலாவது எஃகு. சாதாரண எஃகை உருக்கி வார்க்கும்போது அதில் உள்ள கடினமான துகள்கள் பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் திரண்டுவிடும். விலையுயர்ந்த கத்திகளில் பலவற்றுக்கு வேறு முறை. உருகிய எஃகை வாயு அழுத்தத்தால் சிதறடித்துத் தூளாக்கி, அந்தத் தூளை மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடியும் கட்டியாக்குகிறார்கள். துகள்கள் சிறியதாகவும் சீராகவும் அமைவதால், கூர்மை நீண்ட நாள் நிற்கும். 'எஸ்30வி', 'மேக்னாகட்' என்று அலகில் பொறித்திருப்பது இத்தகைய எஃகின் பெயர்தான். மேக்னாகட்டை வடிவமைத்தவர் லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர். 2021இல் சந்தைக்கு வந்தது. கூர்மை நிற்பது, எளிதில் உடையாமல் இருப்பது, துருவைத் தாங்குவது ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தருவதால் அதற்கு நல்ல பெயர்.

இரண்டாவது பூட்டு. மடக்குக் கத்தியில் ஆபத்தான நேரம், அழுத்தி வெட்டும்போது அலகு விரல் மேல் மடங்குவதுதான். நல்ல கத்தியில் பூட்டும் அச்சாணியும் துல்லியமாகப் பொருந்தியிருக்கும். திறந்தால் ஆடாது, மடக்கினால் நடுவில் உட்காரும், ஒரு கையாலேயே திறந்து மூடலாம்.

மூன்றாவது பிடியும் கைவேலையும். டைட்டேனியம் போன்ற உலோகம் கனமில்லாதது, துருப்பிடிக்காது. ஆனால் கடைந்து எடுப்பது சிரமம். அமெரிக்கக் கூலி, நிறுவனத்தின் பெயர், கப்பல் செலவு, கடைக்காரரின் லாபம் எல்லாம் அதன் மேல் ஏறுகின்றன.

கூர்மை வேறு, வெட்டு வேறு

பால் வெட்டிப் பழகியவர்களுக்குக் கூர்மையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வளர்படலத்தில் கத்தி படக்கூடாது. மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும். அதனால்தான் விடியற்காலையில் மரத்தடிக்குப் போகுமுன் கத்தியைக் கல்லில் தீட்டுவது தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்தக் கத்திகள் ஒன்றும் தூள் எஃகில் செய்தவையல்ல. கூர்மை தீட்டும் கையில் இருந்தது.

மடக்குக் கத்திக்கும் இது பொருந்தும். ஒரு கத்தி எவ்வளவு சுலபமாக வெட்டுகிறது என்பது முதலில் அலகின் மெல்லிய அமைப்பைப் பொறுத்தது. எஃகின் பெயர் அதற்கு அடுத்துத்தான். பிரான்சில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினெல் கத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் 8ஆம் எண் கத்திக்கு எட்டரை சென்டிமீட்டர் அலகு, மரப்பிடி, திறந்த பிறகு திருப்பிப் பூட்டும் ஓர் உலோக வளையம். விலை 100 வெள்ளியை ஒட்டித்தான். ஆனால் அலகு மெல்லியது. ஒரு மாம்பழத்தையோ வெங்காயத்தையோ நறுக்கினால், முரட்டு வேலைக்கென்று தடித்த அலகோடு செய்யப்பட்ட 900 வெள்ளிக் கத்தி பல இடங்களில் இதற்குப் பின்னால்தான் நிற்கும்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸும் அப்படியே. 1884இல் தொடங்கிய நிறுவனம். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. அதன் எஃகு வேண்டுமென்றே சற்று மென்மையாகப் பதப்படுத்தப்பட்டது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கூராகும். திருப்புளி, டின் திறப்பான் என்று வேறு உதவிகளும் அதில் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அதன் சிறிய வகைகள் பலவற்றில் பூட்டு கிடையாது. குத்தும் வேலைக்குப் பயன்படுத்தினால் விரல் மேல் மடங்கும்.

விலையுயர்ந்த எஃகுக்கு மறுபக்கமும் இருக்கிறது. கூர்மையை நிறுத்தி வைக்கும் வனேடியம் துகள்கள், நாம் வீட்டில் வைத்திருக்கும் சாதாரணத் தீட்டுக்கல்லை விடக் கடினமானவை. அதனால் முழுவதும் மழுங்கிய பிறகு அந்தக் கல்லில் தீட்டினால் மணிக்கணக்கில் ஆகும். வைரத்தூள் ஒட்டிய தகடு தேவைப்படும். அது தனிச் செலவு. தீட்டத் தெரியாதவர் கையில் 900 வெள்ளிக் கத்தியும் சில மாதங்களில் மழுங்கிய இரும்புதான்.

நம் ஊர் ஈரமும் உரமும்

அமெரிக்கக் காணொளிகளில் அதிகம் பேசாத ஒன்று நம் தட்பவெப்பம். ஆண்டு முழுவதும் மழை, புழுக்கம், வியர்வை. காற்சட்டைப் பையில் இருக்கும் கத்தி நாள் முழுதும் உப்பு நீரில் ஊறுவது போலத்தான். செம்பனைத் தோட்டத்தில் இன்னும் மோசம். அங்கே அதிகம் போடும் எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு உப்பு 'ஸ்டெயின்லெஸ்' எஃகையே புள்ளி புள்ளியாக அரிக்கக்கூடியது. உர மூட்டையைப் பிரித்த கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைத்தால், அச்சாணிக்குள் இருந்து துரு தொடங்கும்.

ஆகவே ஒப்பினெல் வாங்கினால் துருப்பிடிக்காத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் கார்பன் எஃகு வகையும் உண்டு. அது நன்றாகக் கூராகும். ஆனால் எலுமிச்சையோ அன்னாசியோ வெட்டினால் கறுத்துவிடும், ஈரத்தில் துருப்பிடிக்கும். இணையத்தில் மலிவாக வரும் பல கத்திகளில் 'டி2' என்று பொறித்திருக்கும். அது நல்ல எஃகுதான். ஆனால் முழுமையாகத் துருவைத் தாங்கக்கூடியதல்ல. எண்ணெய் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை கூடக்கூட உண்மையாகவே பயன் தெரியும் இடமும் இதுதான். கடலில் மீன்பிடிக்கப் போகிறவர், நாள் முழுதும் நீரில் வேலை செய்பவர் ஆகியோருக்கு மேக்னாகட் அல்லது ஸ்பைடர்கோவின் 'சால்ட்' வகைக் கத்திகள் வீண் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. துருவோடு போராடும் வேலை மிச்சம்.

'ஆயுளுக்கும் உழைக்கும்' என்ற கணக்கு

விற்பவர்கள் சொல்வது இது: 900 வெள்ளிக் கத்தி 20 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 45 வெள்ளிதானே! கணக்கு சரிதான், 20 வருடமும் அது நம்மிடம் இருந்தால். மடக்குக் கத்தி தேய்ந்து போவதை விடத் தொலைந்து போவதே அதிகம். கால்வாயில் விழும், லாரியின் இருக்கைக்கு அடியில் போகும், இரவல் வாங்கியவர் திருப்பித் தர மறப்பார். 100 வெள்ளிக் கத்தி தொலைந்தால் ஒரு நாள் வருத்தம். 900 வெள்ளிக் கத்தி தொலைந்தால், தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்.

ஆயுள் உத்தரவாதமும் அப்படியே. பெரிய நிறுவனங்கள் தயாரிப்புக் குறைக்குப் பொறுப்பேற்கின்றன. சில நிறுவனங்கள் தீட்டியும் தருகின்றன. ஆனால் கத்தி தொழிற்சாலைக்குப் போய் வர வேண்டும். இங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவில் ஒரு புது விக்டோரினாக்ஸே வாங்கலாம். உத்தரவாதத்தை நம்பி வாங்குவதானால், உள்ளூரில் முகவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி: 20 வெள்ளிக் கத்திக்கும் 100 வெள்ளிக் கத்திக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 100க்கும் 300க்கும் இடையில் தெளிவாகத் தெரியும் வித்தியாசம். 300க்கும் 900க்கும் இடையில் அனுபவப்பட்ட கைக்குத் தெரியும் வித்தியாசம். அதற்கு மேல் கொடுப்பது துல்லியமான வேலைப்பாட்டுக்கும் வைத்திருக்கும் பெருமைக்கும்.

போலியும் சட்டமும்

புகழ்பெற்ற கத்திகளுக்கு அச்சு அசலான போலிகள் இணையத்தில் தாராளமாக உலவுகின்றன. அசல் 800 வெள்ளி விற்கும்போது அதே பெயரில் 80 வெள்ளிக்கு ஒன்று வந்தால் அது தள்ளுபடி அல்ல. பொறித்த எஃகு ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. பூட்டு நழுவினால் விரல் போகும். 80 வெள்ளிதான் இருக்கிறது என்றால், சொந்தப் பெயரில் நேர்மையாக விற்கும் எளிய கத்தியை வாங்குங்கள்.

அடுத்தது பெற்றோர் கவனிக்க வேண்டியது. மலேசியாவில் 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின்படி, தகுந்த நோக்கமில்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது குற்றம். சிறையும் பிரம்படியும் உண்டு. தோட்டத்து வேலைக்குப் போகிறவர் வேலைச் சாமான்களோடு கத்தி வைத்திருப்பது ஒன்று. இரவு பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போகும் பையனின் பையில் அதே கத்தி இருப்பது வேறு. சாலைத் தடுப்பில் போலீசார் காரணம் கேட்டால், 'அழகுக்கு வைத்திருக்கிறேன்' என்பது பதிலாகாது. பொத்தானை அழுத்தினால் தானே பாயும் கத்தியைத் தொடவே வேண்டாம். சிங்கப்பூரிலும் சட்டம் கடுமையானது. ஜோகூர் பாலத்தைத் தாண்டும் முன் பையைப் பாருங்கள். பள்ளிப் பையிலும், விமானத்தில் கைப்பையிலும் கத்தி கூடவே கூடாது.

வாங்குவதென்றால்

முடிந்தவரை கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். திறந்து, அலகை இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. பூட்டிய பிறகு விரல்களை அலகின் வழியில் வைக்காமல், அலகின் முதுகை மெதுவாக அழுத்துங்கள், பூட்டு நழுவக்கூடாது. பிடி உங்கள் கைக்கு அடங்குகிறதா, வியர்த்த கையில் வழுக்குமா என்று பாருங்கள்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பொதுவான வேலைக்கு 100 வெள்ளியை ஒட்டிய ஒரு நல்ல கத்தி போதும். நாள் முழுதும் கத்தியோடு பிழைப்பவர், கூர்மை நிற்க வேண்டும், ஒரு கையால் திறக்க வேண்டும் என்பவர் 200 முதல் 400 வரை போகலாம். 900 வெள்ளி கொடுப்பவர் அது தேவைக்கல்ல, விருப்பத்துக்கு என்று தெரிந்து கொடுக்கட்டும். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வீட்டு வாடகையும் கட்டி முடித்து, கையில் இருக்கும் பணத்தில் வாங்கினால் அதில் தவறில்லை. தவணையில் மட்டும் வேண்டாம்.

எந்தக் கத்தி வாங்கினாலும், அதற்கு முன் ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்குங்கள். வீட்டில் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்தச் சாய்வில் எப்படித் தீட்டுவது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இப்போது வீட்டில் இருக்கும் கத்தியை அப்படி ஒரு முறை தீட்டிப் பார்த்த பிறகு, புதிது வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.