மீனுக்குச் செவுள் பார்க்கிறோம். மருமகளுக்கு இமை பார்த்தோமா?

மீன் வாங்கும்போது நாம் முதலில் என்ன செய்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். செக்கச்செவேல் என்று இருந்தால் கூடையில் போடுகிறோம். வெளுத்துப் போயிருந்தால், "இன்னாம்மா, நேத்து மீனை என் தலையில கட்டப் பாக்கறியா?" என்று சண்டைக்கே போய்விடுகிறோம். மீனிடம் இத்தனை கவனமாக ரத்தத்தைத் தேடுகிற நாம், நம் வீட்டுப் பெண்களின் கீழ் இமையை இழுத்து, அங்கே சிவப்பு இருக்கிறதா என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறோமா?

இந்தக் கேள்வி எனக்கு உதித்த இடம் தோணிரேவு. சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். 'ரேவு' என்றால் படகுத் துறை. தோணிகள் வந்து அணைகிற துறை என்பதால் தோணிரேவு. என் பெரியம்மா மகள் அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். ஆண்கள் ஏரிக்குப் போவார்கள். பெண்களில் பலர் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுவார்கள். சாயம் தோய்த்த ஓலையில் அவர்கள் போடும் பின்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அக்காவின் மருமகள் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

ஓலைப் பெட்டிக்குள் ஒரு ரகசியம்

பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் துணுக்கென்றது. முகம் வெளிறி, உதடு காய்ந்து, குடம் தண்ணீரைத் தூக்கி வருவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள்.

"பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தாண்டி இருக்கும். நாமெல்லாம் பெக்கலையா?" என்றாள் அக்கா.

அவளுடைய சுகாதார நிலையத்து அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.4 கிராம் என்று எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. கர்ப்பிணிக்கு அது 11 கிராமாவது இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் கடுமையான சோகை. இவள் அந்த எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தாள்!

"நர்ஸம்மா மாத்திரை கொடுத்தாங்களேம்மா, சாப்பிடறியா?"

பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போய், தானே பின்னிய அழகான ஓலைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து திறந்தாள். உள்ளே மூன்று மாதத்து இரும்புச்சத்து மாத்திரைகள், அட்டை பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தன.

"சாப்ட்டா வாந்தி வருது சின்னத்தை. அதோட... புள்ளை கறுப்பாப் பொறக்கும்னு சொல்றாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் தெரியுமா? என் இரண்டாவது பிரசவத்தின்போது, படித்த நானே குமட்டலுக்குப் பயந்து மாத்திரைகளை ஜன்னல் வழியே எறிந்தவள். குழந்தை பிறந்த பிறகு உதிரப்போக்கு நிற்காமல், முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் கொடுத்த ரத்தத்தால் பிழைத்து எழுந்தவள். அன்று நான் செய்த தப்பை இந்தப் பெண் செய்யக்கூடாது. "உட்காரம்மா, மீனை நறுக்கிக்கொண்டே பேசலாம்" என்று அரிவாள்மனையை எடுத்தேன்.

தோணிகள் சுமக்கும் சரக்கு

மடவை மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினேன். "இது ஏன் சிவப்பாயிருக்கு, சொல்லு?"

"ரத்தம்."

"ரத்தம் அங்கே வந்து என்ன செய்யுது?"

தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை மீன் செவுளால் எடுத்துக்கொள்கிறது. நமக்கு அந்த வேலையைச் செய்வது நுரையீரல். நுரையீரல்தான் ரேவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணுக்கள்தான் தோணிகள். ரேவில் பிராணவாயு என்ற சரக்கை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கப் போய் இறக்குகின்றன. திரும்பும்போது கரியமில வாயு என்ற கழிவு ரத்தத்தோடு வெளியேற வருகிறது.

தோணி இருந்தால் போதுமா? சரக்கைக் கட்டி வைக்கக் கயிறு வேண்டாமா? அந்தக் கயிறுதான் ஹீமோகுளோபின். அதைத் திரிக்க இரும்புச்சத்து வேண்டும். நம் உடம்பு முழுவதிலும் இருக்கும் இரும்பு மூன்று, நான்கு கிராம்தான். ஒரு சிறிய ஆணிக்குப் போதுமான அளவு! அந்தத் துளி இரும்பு குறைந்தால் தோணிகள் பாதிச் சரக்கோடு போகின்றன. மூளைக்குப் போதாது, தலை சுற்றுகிறது. தசைக்குப் போதாது, கால் ஓய்கிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. நாம் 'படபடப்பு' என்று சொல்வது அதைத்தான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பக்கத்துக் கூடையில் ஏரி நண்டு இருந்தது. "நண்டை ஒடைச்சா செவப்பு ரத்தம் வருதா?" என்று கேட்டேன். "வராதே, தண்ணியாட்டமில்ல வரும்!" என்றாள். அந்தத் தண்ணீர்தான் நண்டின் ரத்தம். அதில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. அதனால் காற்றுப் பட்டால் லேசாக நீலம் பாயும். இறாலுக்கும் அப்படித்தான். நமக்கு ஆண்டவன் கொடுத்தது இரும்பு. அதை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வந்த வழியே திரும்பாத வெள்ளம்

பழவேற்காட்டு ஏரியில் கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறுகிறது. வந்த வழியே வடிகிறது. மேல்நாட்டில் கேலன் என்ற பழைய வைத்தியர் சொன்னபடி, ரத்தமும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது என்று ஏறத்தாழ 1400 வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1628ல்தான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய டாக்டர், 'இல்லை, ரத்தம் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருகிறது' என்று நிரூபித்துப் புத்தகம் எழுதினார்.

நம் முஷ்டி அளவுதான் இதயம். உள்ளே நான்கு அறைகள். மீனுக்கு இரண்டே அறை. அதன் ரத்தம் செவுளுக்குப் போய் அப்படியே உடம்புக்குப் போய்விடும். நமக்கு இரண்டு பம்ப் செட்டுகளைச் சேர்த்து வைத்த மாதிரி. வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அது சுத்தமாகி வந்ததும் இடப்பக்கம் உடம்புக்கு அனுப்புகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 70 துடிப்பு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். உடம்பில் இருக்கும் ரத்தம் ஐந்து லிட்டர்தான். அது அவ்வளவும் கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. நாம் சோறு வடிக்கும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, இதற்கு லீவு கிடையாது.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு போகும் குழாய் தமனி. திருப்பிக் கொண்டு வருவது சிரை. கையில் பச்சையாக, நீலமாகத் தெரிவதை நாம் 'நரம்பு' என்கிறோமே, அது நரம்பே அல்ல, சிரை. அதற்குள் ஓடுவதும் நீல ரத்தம் அல்ல, கருஞ்சிவப்பு ரத்தம். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டுமே, கீழே வழிந்துவிடாதா? அதற்காகச் சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. கெண்டைக்கால் தசை அசையும்போதெல்லாம் ரத்தம் ஒரு கதவு மேலே ஏறும். மணிக்கணக்கில் நின்றுகொண்டே சமைப்பவர்களுக்கும், குந்தி உட்கார்ந்து கூடை பின்னுபவர்களுக்கும் கால் வீங்குவது இதனால்தான். மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடந்தால் வீக்கம் குறைய உதவும்.

பேசிக்கொண்டிருந்தபோதே ஓலை நரம்பு கீறி, பெண்ணின் விரலில் ரத்தம் துளிர்த்தது. விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சில நிமிஷத்தில் நின்றுவிட்டது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஓடி வந்து அடைத்து, புரத நூலால் வலை பின்னி விட்டன! "நீ கூடை பின்றே, உன் ரத்தம் வலை பின்னுது" என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயத்தில் நுழையும் கிருமிகளோடு சண்டை போடுவது வெள்ளை அணுக்களின் பொறுப்பு.

பெண்ணுக்கு மட்டும் ஏன் பற்றாக்குறை?

ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது செத்ததும், சிக்கனக்காரக் குடும்பத் தலைவி மாதிரி, உடம்பு அதிலுள்ள இரும்பை எடுத்துப் புது அணுவுக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் ரத்தமே வெளியே போனால்? மாதா மாதம் போகிறது. பிரசவத்தில் போகிறது. அது மட்டுமா, கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தின் அளவே ஒன்றரை மடங்கு வரை பெருகுகிறது. குழந்தைக்கும் இரும்பு தர வேண்டும். வரவு பழையபடி, செலவு இரட்டிப்பு!

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் சோகை இருப்பது தெரிந்தது. நாம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதில் இரண்டு பேருக்கு! ரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற உதிரமே ஆபத்தாகிவிடும். குழந்தையும் எடை குறைந்தோ நாள் நிறையாமலோ பிறக்கக்கூடும்.

இதையெல்லாம் அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்போ கறுப்பு?" என்றாள். "பிள்ளையின் நிறம் உன் மகனையும் மருமகளையும் பொறுத்தது. மாத்திரையால் கறுப்பாவது மலம் ஒன்றுதான். அதுவும் கெடுதல் இல்லை" என்றேன். மறுநாளே மருமகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனது அக்காதான்! டாக்டரம்மா பரிசோதித்து, ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற ஏற்பாடு செய்தார். குடல் புழு இருந்தாலும் ரத்தம் குறையும் என்று அதற்கும் மருந்து கொடுத்தார்.

அடுக்களையில் கவனிக்க

* இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலுடன் விழுங்காதீர்கள். சாப்பாடு முடிந்ததும் டீ குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

* எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் உள்ள சி வைட்டமின் இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும். கீரைக் கூட்டை இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியலாம்.

* குமட்டினால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரவு படுக்கப் போகும்போது சாப்பிட்டுப் பாருங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

* மீன், இறைச்சியில் உள்ள இரும்பு சுலபமாக உடம்பில் ஒட்டும். பிடித்த மீனையெல்லாம் விற்றுவிட்டு, வீட்டுப் பெண் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடக் கூடாது. அவள் தட்டிலும் ஒரு துண்டு விழட்டும். சைவர்களுக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, சுண்டல், பயறு இருக்கின்றன.

* கருவாடு, ஊறுகாயில் உப்பு அதிகம். உப்பு மிஞ்சினால் ரத்த அழுத்தம் ஏறும். கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* கர்ப்பிணியின் ரத்த வகையை முதலிலேயே தெரிந்து வையுங்கள். தாய் ஆர்.எச். நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஒரு ஊசி போட வேண்டும். அடுத்த குழந்தைக்கு அதுவே காப்பு.

* வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு முன்பே ரத்த தானத்துக்குத் தயாராக இருக்கட்டும். 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருந்தால், ஆரோக்கியமானவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை தரலாம்.

பெட்டி காலியானது

ஒன்பதாம் மாதம் அக்கா போன் செய்தாள். "ஏண்டி, 10.6 வந்துடுச்சாம்! நர்ஸம்மாவே சிரிச்சாங்க." அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். இரண்டே முக்கால் கிலோவில் பெண் குழந்தை. உதிரப்போக்கு கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும் தாங்கிக்கொண்டாள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதத்தில் இருந்த உடம்போடு அவள் பிரசவத்துக்குப் போயிருந்தால்? நினைக்கவே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

குழந்தையைப் பார்க்கப் போனபோது அந்த ஓலைப் பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டாள். "இப்போ காலி சின்னத்தை! பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு மாசம் சாப்பிடச் சொல்லியிருக்காங்க. அதை அடுப்பாங்கரை மாடத்துல, கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கேன்" என்றாள். அவள் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். புது மீனின் செவுள் மாதிரிச் சிவந்திருந்தது.

இதைப் படித்து முடித்ததும், கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இமையையும் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், சகோதரிகளே. வெளுப்பாகத் தெரிந்தால் நாளைக்கே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிவப்பாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது.