உணவுப் பாதுகாப்பு விதிகளும் கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளும்

சந்தையில் வாங்கும் கீரைக்கட்டில் பூச்சிக்கொல்லி எச்சம் உள்ளதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஆய்வுக்கூடமே அதனைக் கண்டறியும். எனவே உணவுப் பாதுகாப்பு சட்டத்தின் பொறுப்பாகிறது. அச்சட்டம் பயிரிடுவோரை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மலேசியாவில் எம்மருந்தை விற்கலாம் என்பதை 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வரையறுக்கிறது. விளைபொருளில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் அமைந்த 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் வரையறுக்கின்றன. ஒரு பயிருக்கென உச்சவரம்பு குறிக்கப்படாதவிடத்து அனைத்துலகக் கோடெக்ஸ் அளவு பொருந்தும்; அதுவும் இல்லையெனில் கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே எல்லை. ஆகவே, முட்டைக்கோசுக்கு உச்சவரம்பு பெற்ற மருந்து காற்றில் பரவி, அடுத்த பாத்தியிலுள்ள சிறுபயிரில் படிந்தாலும் விதிமீறலாகலாம்.

விவசாயியின் இடர்ப்பாடு இத்துடன் முடிவதில்லை. முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலை இம்மலையில் பெற்றுவிட்டது. மழையோ தெளித்த மருந்தைக் கழுவிவிடுகிறது. மீண்டும் தெளித்தால், அறுவடைக்கு முன் குறிப்பிட்ட நாள்கள் காத்திருத்தல் வேண்டும். அந்நாள்களில் விலை சரியுமாயின் இழப்பு அவருடையதே. விதியை மீறத் தூண்டுவது பெரும்பாலும் அறியாமையன்று, இக்கணக்கே எனக் கருதுகிறோம்.

2002இல் தொடங்கப்பெற்ற 'சாலம்' பண்ணைச் சான்றளிப்புத் திட்டம், 2013இல் 'மைகேப்' திட்டத்துள் இணைந்தது. தெளிப்புப் பதிவேடு, மருந்துக்கெனத் தனி வைப்பறை, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான ஆவணம் ஆகியன இத்தகைய சான்றிதழுக்குத் தேவைப்படுகின்றன. கேமரன் மலையிலோ பல பண்ணைகள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக நில உரிமத்திலேயே நெடுங்காலம் இயங்கி வந்துள்ளன. அடுத்த ஆண்டு கையில் இருக்குமா என்று அறியாத நிலத்தில் எவர் வைப்பறை கட்டுவார்? மேலும், மொத்த வணிகரிடம் பலர் விளைச்சலும் ஒன்றாகக் கலந்துவிடின், காத்திருந்து அறுத்தவருக்குத் தனி விலை கிட்டாது.

இதனால் விதிகளைத் தளர்த்த வேண்டும் என்பது நம் கருத்தன்று. மருந்தை முதலில் சுவாசிப்பவர் உண்பவரல்லர், தெளிக்கும் தொழிலாளரே. கண்டிப்பான விதி அவரையும் காக்கிறது. ஆயினும் நில உறுதிப்பாடும், அருகிலேயே சோதனை வசதியும், தெளிப்பவர் படிக்கக்கூடிய மொழியில் அறிவுறுத்தலும் உடன்வரும்போதே விதி நடைமுறையாகும். இன்றேல் பாதுகாப்பின் பயனை நாம் அனைவரும் நுகர, அதன் செலவைச் சிறு விவசாயி மட்டுமே சுமப்பார்.