ஆண்டு முழுவதும் பள்ளி: நாட்காட்டியை மாற்றினால் கல்வி மாறுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஏறத்தாழ 180 நாள்கள் வகுப்பு நடத்தி, கோடையில் பத்து வாரங்கள் அல்லது அதற்கும் மேலாக மூடிக்கிடக்கின்றன. இந்த நீண்ட விடுமுறையைச் சுருக்கி, மிச்சமாகும் வாரங்களை ஆண்டின் பிற பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு சமச்சீர் நாட்காட்டி அல்லது ஆண்டு முழுவதும் இயங்கும் நாட்காட்டி எனப்படுகிறது. பரவலாக அறியப்பட்ட 45-15 திட்டத்தில் ஒன்பது வாரங்களுக்கு, அதாவது 45 பள்ளி நாள்களுக்கு, வகுப்பு நடந்தபின் மூன்று வாரம் விடுமுறை வருகிறது. இச்சுழற்சி நான்கு முறை நிகழும்போது அதே 180 நாள்கள் நிறைவுறுகின்றன. மிசௌரி மாநிலத்தின் பிரான்சிஸ் ஹவல் பள்ளி மாவட்டம் 1969இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டில் பள்ளி மாவட்டம் என்பது, பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியத்தின்கீழ் இயங்கி, நாட்காட்டி உள்ளிட்ட பலவற்றைத் தானே முடிவுசெய்யும் அமைப்பாகும்.

வேளாண்மைக்குப் பிள்ளைகளின் உதவி தேவைப்பட்டதால்தான் கோடை விடுமுறை பிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளதெனினும், வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிராமப் பள்ளிகள் விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் மூடப்பட்டு, குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்தன. நகரப் பள்ளிகளோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் திறந்திருந்தன. இவ்விரு வழக்கங்களையும் ஒரே சீராக்கும் முயற்சியில்தான் இன்றைய விடுமுறை நிலைபெற்றது. இதை மாற்றக் கோருவோர் முன்வைக்கும் முதன்மையான காரணம் கோடைக்காலக் கற்றல் இழப்பு, அதாவது விடுமுறையில் மாணவர் கற்றதை மறப்பது. உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, இவ்விழப்பு சராசரியாக ஒரு மாதக் கல்விக்கு நிகரானது என்று மதிப்பிட்டனர். எனினும் இழப்பின் அளவு தேர்வுகள் அமைக்கப்படும் விதத்தைப் பொறுத்து வெகுவாக மாறுகிறது என்று பால் வான் ஹிப்பெல் முதலிய பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர்.

சமச்சீர் நாட்காட்டி இரு வகைப்படும் என்பதை உணராமல் இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ள இயலாது. ஒற்றை அணி முறையில் எல்லா மாணவரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் விடுமுறை பெறுவர். பல அணி முறையில் மாணவர் பெரும்பாலும் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, எந்நேரமும் மூன்று அணிகள் வகுப்பிலும் ஓர் அணி விடுமுறையிலும் இருக்கும். அதனால் அதே கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலானோரைச் சேர்க்க முடியும். முன்னது கற்றலுக்காக எடுக்கப்படும் முயற்சி. பின்னது பெரும்பாலும் இடநெருக்கடிக்குத் தேடப்படும் தீர்வு.

வட கரோலைனாவின் தலைநகரான ராலேயை உள்ளடக்கிய வேக் கவுண்டி, மக்கள்தொகை வேகமாகப் பெருகியதால் 2007இல் 22 பள்ளிகளைக் கட்டாயமாக ஆண்டு முழுவதும் இயங்கும் நாட்காட்டிக்கு மாற்றியது. பெற்றோர் சிலர் தங்கள் இசைவின்றிப் பிள்ளைகளை இம்முறைக்கு ஒதுக்கக்கூடாது என்று வழக்குத் தொடுக்க, வாரியத்திற்கு அந்த அதிகாரம் உண்டு என மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. இந்த மாற்றத்தை ஆராய்ந்த ஸ்டீவன் மெக்மல்லன், கேத்ரின் ரூஸ் ஆகிய பொருளியலாளர்கள், சராசரி மாணவரின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் இல்லை என்று 2012இல் எழுதினர். கலிபோர்னியாவின் அனுபவம் இதனினும் கசப்பானது. லாஸ் ஏஞ்சலிஸின் நெரிசல் மிகுந்த பள்ளிகளில் நடைமுறையிலிருந்த கான்செப்ட் 6 என்ற பல அணித் திட்டம், அன்றாட வகுப்பு நேரத்தைக் கூட்டி, பாடநாள்களை 163ஆகக் குறைத்தது. இத்திட்டத்தின் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் ஏழைக் குடும்பப் பிள்ளைகளே. பள்ளிகளின் நிலை குறித்து மாநில அரசின்மீது தொடுக்கப்பட்ட வில்லியம்ஸ் வழக்கின் 2004ஆம் ஆண்டு உடன்பாடு, இத்திட்டத்தை 2012க்குள் கைவிட வழிவகுத்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. ஒரே எண்ணிக்கையிலான நாள்களை வேறு விதமாக அடுக்குவதால் மட்டும் கற்பித்தல் கூடிவிடாது. ஒரு நீண்ட இடைவெளியில் நேர்ந்த மறதி, பல சிறு இடைவெளிகளில் சிதறி நேரக்கூடும். ஆனால் அந்த மூன்று வார இடைவெளியில், பின்தங்கிய மாணவருக்கு அப்போதே துணைவகுப்பு நடத்தினால், ஆண்டிறுதி வரை காத்திராமல் குறையைக் களைய முடியும். அதற்கு ஆசிரியர் ஊதியமும் பேருந்தும் மதிய உணவும் தேவை. உடன்பிறந்தோர் அனைவருக்கும் ஒரே விடுமுறை வாய்ப்பதும், வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு அவ்வாரங்களில் குழந்தைப் பராமரிப்பு கிடைப்பதும் அதே அளவு முக்கியமானவை. ஆகவே நாட்காட்டியை மாற்ற முனையும் எந்தப் பள்ளி மாவட்டமும், தான் தேடுவது இடமா கற்றலா என்பதைப் பெற்றோரிடம் முதலில் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். கற்றல்தான் நோக்கமெனில், இடைவெளி வகுப்புகளுக்கான நிதியை ஒதுக்கிய பின்னரே புதிய நாட்காட்டியை நடைமுறைப்படுத்த வேண்டும்.