மண்ணுக்கு மூடாக்கு போட்டோம், மனுசனுக்கு?



கோடை வந்தால் மூடாக்கு பற்றி நம்மில் யாராவது எழுதிவிடுவோம். வாழைச் சருகு, தென்னை மட்டை, கரும்புச் சோகை என்று கிடைத்ததைப் பரப்பி மண்ணில் வெயில் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று நம்மாழ்வார் அய்யா சொல்லிக்கொடுத்ததை நானும் நாலு பேருக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் போன கோடையில் என் தோட்டத்தில் நடந்த ஒன்று, மூடாக்கு போடுகிறவரை நான் எவ்வளவு மறந்திருந்தேன் என்று காட்டிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு சின்னமனூர் பக்கம் வாழையும் தென்னையுமாகக் கொஞ்சம் நிலம். மே மாதம், கத்திரி வெயில். வாழைக்கு மண் அணைக்க ஐந்து பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இரண்டு நாளைக்கு முன்புதான் ஊருக்கு இறங்கியிருந்தார். காலையில்தான் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம்.

பன்னிரண்டரை மணி இருக்கும். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளாடினார். என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். "காலையிலேயே சரக்கு போட்டுட்டு வந்துட்டாரு போல" என்று ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரப்போரம் படுத்துத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து வேலைக்கு வந்த அக்கா ஒருவர் போய்த் தொட்டுப் பார்த்து, "அய்யா, உடம்பு அடுப்பாக் கொதிக்குது" என்று கத்தினார். அதற்குள் அவருக்கு நினைவு தப்பிப் போயிருந்தது.

108-க்குக் கூப்பிட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். ஊர்ப் பெயரோடு சர்வே எண்ணையும் உட்பிரிவையும் சொன்னேன்! முப்பத்தைந்து வருடம் நகைக்கடன், பயிர்க்கடன் என்று பத்திரம் பார்த்த புத்தி. "அய்யா, சர்வே நம்பரை வச்சு வண்டி வராது. பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம், பாலம் ஏதாவது இருக்கா?" என்று அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

வண்டி புறப்பட்டதும் அதில் இருந்த மருத்துவ உதவியாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை: "மோட்டாரைப் போட்டுவிட்டு உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க." பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்தார்கள். சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று பயம். ஒருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். "ஜன்னியெல்லாம் வராது, ஊத்துங்க. வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க" என்று போனிலேயே அதட்டினார் அந்தப் பிள்ளை. ஊற்றினோம். வண்டி வரும்போது அவருக்குக் கண் லேசாகத் திறந்திருந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நடந்தே வெளியே வந்தார். நான் வீணாக்கிய அந்தக் கால் மணி நேரம் மட்டும் இன்னும் என்னை உறுத்துகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பிறகு எங்கள் உழவர் குழுவின் மாதக் கூட்டத்துக்கு அந்த மருத்துவ உதவியாளரை அழைத்தோம். அவர் விளக்கியதையும் அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் உடம்பின் வெப்பம் சுமார் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். வேலை செய்தால் உடம்புக்குள்ளேயே சூடு உண்டாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு வியர்க்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயனில்லை.

இங்கேதான் நம் பள்ளத்தாக்கின் சங்கதி இருக்கிறது. திறந்த காட்டில் காற்று அடிக்கும்போது வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பு குளிரும். ஆனால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று நமக்கே தெரியாது. அடர்ந்த வாழைக்குள் கதை வேறு. நிழல் இருக்கும், காற்று நுழையாது. அன்றைக்குத்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் உள்ளே புழுக்கம் தாங்காது. வியர்வை ஆறாய் ஓடும், காயாது. "நிழல்லதானே வேலை" என்று நான் அலட்சியமாக இருந்தது தப்பு.

இன்னொன்று, மலையில் இருந்து இறங்கியவர்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். ஏலத்தோட்டக் குளிரில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவருக்கு முதல் வாரம் ஆபத்தான வாரம். அவருக்கு முதல் சில நாள் அரை நாள் வேலையே போதும். வெளியூரில் இருந்து வந்தவர், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எழுந்தவர், சர்க்கரை வியாதிக்காரர், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணிகள், வயதானவர்கள் எல்லோருக்கும் இதே கவனம் வேண்டும். என்னைப் போல அறுபது கடந்து விவசாயத்துக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதலில் கெண்டைக்கால், வயிறு இழுத்துப் பிடிக்கும். அடுத்தது வெப்பச் சோர்வு: தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், ஏகப்பட்ட வியர்வை. இந்தக் கட்டத்தில் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, நினைவோடு இருப்பவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். அரை மணி நேரத்தில் தேறவில்லையென்றால், வாந்தி நிற்கவில்லையென்றால், ஆஸ்பத்திரிதான்.

மூன்றாவது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 40 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ போய், மூளை தடுமாறும் நிலை. சிலர் இதை வெப்பப் பக்கவாதம் என்று எழுதுகிறார்கள். கை கால் விழுகிற பக்கவாதம் வேறு, இது வேறு. உளறல், தள்ளாட்டம், கோபம், வலிப்பு, மயக்கம், இவைதான் அடையாளம். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுகிறவருக்கு உடம்பு வியர்த்தபடியேகூட இருக்கலாம். வெயிலில் வேலை செய்தவர் பேச்சு தடுமாறினால், குடித்திருக்கிறாரா என்று ஆராயாமல் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே குடித்திருந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

வண்டி வரும்வரை

"முதல்ல குளிர வைங்க, அப்புறம் கொண்டு போங்க." கூட்டத்தில் அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். சூடு நீடிக்கிற ஒவ்வொரு நிமிடமும் மூளை, சிறுநீரகம், ஈரல் எல்லாம் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே:

1. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். சட்டையைத் தளர்த்துங்கள், கழற்ற முடிந்தால் கழற்றுங்கள்.

2. தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். மூக்கிலும் வாயிலும் போகாமல் பாருங்கள். துண்டு, சாக்கு, சேலை எதையாவது வைத்து விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.

3. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, இளநீர் எதுவும் வேண்டாம். மூச்சுக்குழலில் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை வேலை செய்யாது.

5. சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். காற்று வரட்டும்.

108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. முழுக்க இலவசம். கூப்பிடும்போது ஊர், ஊராட்சி, எல்லோருக்கும் தெரிந்த அடையாளம், என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். பிறகு வேறு யாரோடும் பேசி லைனை அடைக்காதீர்கள். ஒருவரை பைக்கில் தார் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள். எங்கள் தோட்டத்துப் பாதையில் வண்டி தடுமாறியதற்கு நான் ஆள் அனுப்பாததும் ஒரு காரணம். வெறும் ஆலோசனைக்கு என்றால் 104 இருக்கிறது.

வராமல் தடுக்க

தண்ணீர்தான் முதல் மருந்து. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். நீராகாரம், மோர், கம்மங்கூழ் எல்லாம் நல்லது. உப்பும் சேர்ந்து போகிறது. ரொம்ப வியர்த்தவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல். வீட்டில் செய்வதென்றால் காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் சட்டென்று உறிஞ்சும். 1971 வங்கதேசப் போரில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அவர் மறைவுக்குப் பின் 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஆனால் தண்ணீரை வைத்தால் மட்டும் பெண்கள் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டபோது யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரம்மாதான் விசாரித்துச் சொன்னார்: "ஒதுங்க இடமில்லாத தோட்டத்துல எந்தப் பொம்பள தண்ணி குடிப்பா?" வெட்கமாகப் போய்விட்டது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி ஒரு கழிப்பிடம் போட்டேன். இப்போது பானை காலியாகிறது.

வேலை நேரத்தையும் பேசித்தான் மாற்றினோம். ஆறு மணிக்கு வாருங்கள் என்றேன். "பிள்ளைகளுக்குச் சோறாக்காம எப்படி அய்யா வர்றது?" என்றார்கள். கடைசியில் ஏழு மணிக்கு வந்து பதினொன்றரைக்குக் கரை ஏறுவது, முடியாத வேலையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பார்ப்பது, கூலியில் பிடித்தம் இல்லை என்று முடிவானது. கணக்குப் பார்த்தால் எனக்கு நட்டமில்லை. மதிய வெயிலில் நடந்தது பாதி வேலைதான்.

அரசாங்கமும் வெயிலைப் பேரிடராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2010 மே மாத அனலில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தபிறகு, அந்த நகரம் 2013-இல் வெப்பச் செயல் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. ஆனால் வயலில் விழுந்தவரை "நெஞ்சுவலி" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு எதுவும் வராது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், வெயிலில் வேலை செய்தபோது விழுந்தார் என்று டாக்டரிடம் சொல்வதும் நம் கடமை.

அந்த அண்ணன் மறுபடி என் தோட்டத்துக்கு வருகிறார். மோட்டார் ரூம் சுவரில் 108, ஊராட்சிப் பெயர், பக்கத்துக் கோயில், ரோட்டில் இருந்து வரும் வழி எல்லாவற்றையும் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். அவரைத்தான் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். இந்த இதழைப் படித்து முடித்ததும் நீங்களும் உங்கள் மோட்டார் ரூம் சுவரில் எழுதிவிடுங்கள்.