பீச்சுக்குப் போறீங்களா? புடவை, லுங்கி, ஜீன்ஸோடு அலையில் இறங்காதீங்க!

கத்திரி வெயில் கொளுத்துகிறது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. வெளியூர் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு சென்னையில் வந்து இறங்கி விட்டார்கள். "பீச்சுக்குப் போலாம்" என்று குழந்தைகள் நச்சரிக்க, குடும்பம் குடும்பமாக மெரினாவுக்குக் கிளம்புகிறார்கள்.

கிளம்புகிற அவசரத்தில், என்ன துணி உடுத்திக் கொண்டு போகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. கல்யாண வீட்டுக்குப் போவது போல் பளபள புடவையில் அம்மா. காலோடு ஒட்டிய ஜீன்ஸில் அண்ணன். மடித்துக் கட்டிய லுங்கியில் மாமா.

மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டு விட்டுத் திரும்பினால் ஒன்றுமில்லை. தண்ணீரில் கால் வைத்தால்தான் சிக்கல்.

காட்டன்தான் ராஜா

முதலில் வெயில் சமாசாரம். சென்னை வெயில் எதுவரை போகும் என்பதற்கு 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சாட்சி. அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. பழைய கணக்கில் 113 டிகிரி!

இதோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்து கொள்ளும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பாலியஸ்டர், நைலான் துணிகள் வியர்வையை உறிஞ்சுவதில்லை. இறுக்கமாகவும் தைத்து விட்டால் காற்று புக வழியில்லை. ராத்திரி முழுக்க வேர்க்குரு அரிப்புதான்.

தொளதொள காட்டன் சட்டை, காட்டன் சுடிதார் போதும். வெளிர் நிறம் நல்லது. கறுப்புத் துணி வெயிலை வாங்கி வைத்துக் கொள்ளும். தலைக்குத் தொப்பி இல்லையா? ஒரு துண்டு போதுமே! குப்பத்து மீனவர்கள் தலையில் துண்டு கட்டாமல் வெயிலில் நிற்பது அபூர்வம்.

உச்சி வெயிலில் போவதே தப்பு. கடல்காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். மேற்குக் காற்று பலமாக வீசுகிற நாளில் அதுவும் லேட். மெரினாவில் ரோட்டிலிருந்து தண்ணீர் வரை நடப்பதே ஒரு பிரயாணம். அந்த மணலில் குழந்தையைச் செருப்பில்லாமல் விட்டால் பாதம் கொப்பளித்து விடும்.

காலை இழுக்கும் அலை

இனி முக்கிய விஷயம். மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. எச்சரிக்கை போர்டும் இருக்கிறது. அந்தப் போர்டுக்குப் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றி வைத்து விட்டு இறங்குகிறார்கள் வாலிபர்கள்!

"சும்மா காலை நனைச்சுட்டு வரேன்" என்றுதான் பெண்களும் போகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்ற தைரியம். கரைக்கு வருகிற அலையை விட, திரும்பிப் போகிற அலைதான் பொல்லாதது. காலடி மணலை அரித்துக் கொண்டு ஓடும். நிற்கிற ஆள் ஆடிப் போவார்.

அந்த நேரம் பார்த்து, நனைந்த 5½ மீட்டர் புடவை காலைச் சுற்றிக் கொள்ளும். அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. விழுந்தால் முந்தானை முகத்தில் சுற்றும். இன்னொரு அலை வந்து விட்டால் எழுந்திருப்பது எப்படி?

ஜீன்ஸ் அதற்கு மேல். நனைந்தால் முழங்காலை மடக்க விடாது. நீச்சல் தெரிந்தவனையே சீக்கிரம் களைக்க வைத்து விடும். லுங்கிக்காரர் பாடு சிரிப்பும் பரிதாபமும் கலந்தது. அலை லுங்கியை அவிழ்க்கும். மானத்தைக் காக்க ஒரு கை லுங்கியைப் பிடித்துக் கொள்ளும். மிச்சமுள்ள ஒரு கையால் கடலோடு மல்லுக்கட்ட முடியுமா?

கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் சட்டை, பேண்ட், ஒரு ஜோடி செருப்பு. கடலில் ஆள் போய் விட்டார் என்பதற்குச் சில சமயம் போலீசாருக்குக் கிடைக்கும் முதல் தகவலே அதுதான்.

குழந்தைக்கு என்ன கலர்?

நீலம், வெள்ளை, சாம்பல் வேண்டாம். அலையிலும் நுரையிலும் கலந்து கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு போடலாம். கூட்டத்தில் காணாமல் போனாலும் தேடச் சுலபம். காணும் பொங்கல் கூட்டத்தில் குழந்தைகள் கையில் போலீசார் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி விடுகிறார்கள். மற்ற நாளில் அம்மாவே ஒரு சீட்டில் நம்பரை எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்து விடலாமே! கொலுசு, செயின், மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும். அலை பிடுங்காததைத் திருடன் பிடுங்குவான்.

காப்பாற்றிய புடவை

தண்ணீரில் ஆளை மடக்குகிற அதே புடவை, கரையிலிருந்து வீசினால் கயிறு. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 4 வாலிபர்கள் மூழ்கினார்கள். அங்கிருந்த 3 பெண்கள் தயங்காமல் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசினார்கள். 2 பேர் பிழைத்தார்கள். மற்ற 2 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

பெசன்ட் நகர் பீச்சில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. காதல் ஜோடிகள் போட்டோ எடுத்துக் கொள்ளும் இடம். 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, மூழ்கியவரைக் காப்பாற்றக் கடலில் குதித்து உயிரை விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது.

ஆகவே யாராவது அலையில் சிக்கினால் பின்னாலேயே குதிக்காதீங்க. துண்டு, வேட்டி, துப்பட்டா எது கையில் இருக்கிறதோ அதை முடிச்சுப் போட்டு, ஒரு முனையைக் கரையில் நாலு பேர் பிடித்துக் கொண்டு, மறுமுனையை வீசுங்கள். பக்கத்தில் மீனவர்கள் இருந்தால் கூப்பிடுங்கள். இன்னொருவர் அதற்குள் 112-க்கும் 108-க்கும் போன் போட்டு விட வேண்டும்.